லோகோவுக்கு முன்னால் ஒரு திரைச்சீலை: ஜப்பானிய உணவகத்துக்கு அடையாளம் வடிவமைப்பது எப்படி

ஜப்பானிய உணவகம் தொடங்கப்போகிறோம், பிராண்டு அடையாளம் செய்து கொடுங்கள் என்று யாராவது உங்களிடம் வந்தால் முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து, மண்டைக்குள் தானாக வந்து விழுவதையெல்லாம் எழுதிவிடுங்கள். சிவப்பு வட்டம், செர்ரிப் பூ, ஃபூஜி மலை, விசிறி, அலை, கெய்ஷா, கிண்ணத்தில் இரண்டு குச்சி. எழுதியதும் தாளை மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டுங்கள். அதில் இருப்பதெல்லாம் ஒரு நாட்டின் அடையாளம். வந்தவர் கேட்பது ஒரு கடையின் அடையாளம். மயிலாப்பூரில் இட்லிக் கடை வைப்பவருக்குத் தாஜ்மகாலை லோகோவாகப் போட்டுக் கொடுப்பீர்களா?

நானே இதில் விழுந்து எழுந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு சின்ன ஜப்பானிய உணவகத்துக்கு வேலை செய்தேன், மொத்தமே முப்பது பேர் உட்காரும் இடம், உரிமையாளர் நம்மூர்க்காரர், ஷெஃப் ஒசாகாக்காரர். முதல் கூட்டத்துக்கு மூன்று லோகோ கொண்டுபோனேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரு சோற்றுக் கிண்ணமும் அதில் நேராகக் குத்தி நிற்கும் இரண்டு குச்சிகளும். கோடுகள் அவ்வளவு சுத்தமாக வந்திருந்தன. ஷெஃப் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு "ச்சொத்தோ..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ரசிக்கிறார் என்று நினைத்து நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபின் உரிமையாளர்தான் சொன்னார்: சோற்றில் குச்சியை நட்டு வைப்பது அங்கே இறந்தவருக்குப் படைக்கும்போது செய்வது. ஆக, ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலுக்கு நான் வாய்க்கரிசியை வரைந்து கொடுத்திருக்கிறேன்.

அந்த 'ச்சொத்தோ'வுக்கு நேரடிப் பொருள் 'கொஞ்சம்'. வாக்கியத்தை முடிக்காமல் இழுத்தால் 'வேண்டாம்' என்று பொருள். 'கென்தோ ஷிமாசு', அதாவது யோசித்துப் பார்க்கிறோம் என்று சொன்னாலும் பெரும்பாலும் அதே கதிதான். நமக்கு இது புரியாத விஷயமே இல்லை, பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "பாக்கலாங்க" என்று சொன்னால் நாம் என்ன புரிந்துகொள்வோம்? எனவே ஜப்பானியரோடு கூட்டத்தில் உட்கார்ந்தால் வாயைவிட மௌனத்தைக் கவனியுங்கள், பிடித்திருக்கிறதா என்று நேராகக் கேட்காதீர்கள், இரண்டு மாதிரியை வைத்து "இதில் எதை முதலில் எடுத்து வைத்துவிடலாம்?" என்று கேளுங்கள். பதில் வரும்.

சரி, எங்கே தொடங்குவது? எந்த மாதிரிக் கடை என்பதில். பொதுவாக 'ஜப்பானிய உணவகம்' என்று ஜப்பானில் யாரும் போர்டு மாட்டுவதில்லை. ராமென் (சூப்பில் போட்ட கோதுமை நூடுல்ஸ்) கடை ராமென் போடும், சோபா (பக்வீட் மாவு நூடுல்ஸ், நம்ம சோபா இல்லை) கடை சோபா போடும். யாகிதோரி கடையில் கோழித் துண்டுகளைக் குச்சியில் கோத்துக் கரி நெருப்பில் வாட்டுவார்கள். இசகாயா என்பது குடிக்கப் போய் நடுநடுவே கொறிக்கும் இடம். தெய்ஷோகு கடை கிட்டத்தட்ட நம்மூர் மீல்ஸ் ஓட்டல், சோறு, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப், ஒரு பதார்த்தம், ஊறுகாய் எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடும். காப்போ என்றால் ஷெஃப் உங்கள் கண்முன்னே வெட்டிச் சமைத்து மேடைக்கு மேலாகவே நீட்டுவார்.

ஒவ்வொன்றுக்கும் வாசல் முகம் வேறு. சிவப்புக் காகித விளக்கு தொங்கினால் கை கடிக்காமல் குடிக்கலாம் என்று அர்த்தம். 'அகாச்சோச்சின்', சிவப்பு விளக்கு, என்ற சொல்லே அந்த மாதிரிக் கடைக்குப் பெயராகிவிட்டது. பழைய சோபா கடைப் பலகைகளில் இன்று வழக்கொழிந்த எழுத்து வடிவங்கள் இருக்கும், தனித்தனியாகக் காட்டினால் இன்றைய ஜப்பானியர் பலருக்குப் படிக்கவே வராது, ஆனால் பார்த்ததும் சோபா என்று தெரிந்துகொள்வார்கள். சுஷியை எழுதவே பல வழி உண்டு. மீன் என்ற உறுப்போடு சுவை என்ற உறுப்பைச் சேர்த்து ஒற்றை எழுத்தாக எழுதினால் கவுண்டரில் உட்கார்ந்து சாப்பிடும் விலை உயர்ந்த கடை நினைவுக்கு வரும், மங்கலப் பொருளுக்காகவும் ஓசைக்காகவும் தேர்ந்த இரண்டு எழுத்துகளில் எழுதினால் பொதுவான சுஷி, வெறும் ஓசை எழுத்தில் எழுதினால் இன்னும் இளகிய, குடும்பத்தோடு போகிற தொனி. நீங்கள் எதையாவது இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாமலே.

வெளிநாட்டில் திறக்கும் கடை எல்லாவற்றையும் ஒரே மெனுவில் போடத்தான் செய்யும், வேறு வழியில்லை. அதனால் நான் ஷெஃப்பிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "ஒருத்தர் உங்கள் கடைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வருவார், என்ன போடுவீர்கள்?" எங்கள் ஒசாகாக்காரர் சுஷியைச் சொல்லவில்லை, ராமெனைச் சொல்லவில்லை. தாஷிமாகி தமகோ என்றார். முட்டையில் தாஷி என்ற சாற்றைக் கலந்து மெல்லிய அடையாக ஊற்றி, சுருட்டி, ஓரம் தள்ளி, எண்ணெய் தடவி, மறுபடி ஊற்றி, ஏற்கெனவே சுருட்டியதை அதன் மேலேயே புரட்டி, அடுக்கடுக்காகச் செய்வது. தோக்கியோ பக்கம் அது இனிப்பாக இருக்கும், சட்டியும் சதுரம். ஒசாகா பக்கம் இனிப்பு குறைவு, சாறு அதிகம், சட்டி நீளமான செவ்வகம். அன்று சமையலறையில் நின்று பார்த்தேன், துண்டு போட்டதும் வெட்டு முகத்தில் ஒரு சுருள் தெரிந்தது. எனக்கு வேண்டியது அங்கேயே கிடைத்துவிட்டது, மூன்று வாரம் ஃபூஜி மலையை வரைந்துகொண்டிருந்ததற்குப் பதிலாக முதல் நாளே அடுப்படிக்குப் போயிருக்கலாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். லோகோ வரையாதீர்கள். நோரென் வரையுங்கள்.

நோரென் என்பது ஜப்பானியக் கடை வாசலில் தொங்கும் துணி, கீழ்ப்பக்கம் பிளந்திருக்கும், கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்துவிட்டால் மூடியாயிற்று. வருடக்கணக்கில் உழைத்த சீடருக்கு அதே பெயரில் தனிக்கடை வைக்க அனுமதி தருவதை 'நோரென்வாகே', நோரெனைப் பகிர்தல், என்கிறார்கள். இன்னொன்று கேளுங்கள், ஒரு நிறுவனத்தை விலைக்கு வாங்கும்போது கணக்கேட்டில் 'குட்வில்' என்று ஒரு தொகை எழுதுவார்களே, ஜப்பானியக் கணக்கியலில் அதற்குப் பெயரே நோரென்தான். பிராண்டு மதிப்பு என்று நாம் பிரசெண்டேஷன் போட்டு விளக்குவதை ஒரு வாசல் துணியின் பெயரால் சொல்லிவிட்டார்கள்.

வடிவமைப்பவருக்கு இதில் என்ன லாபம்? துணி உங்களைக் கட்டுப்படுத்தும். சாயம் ஒன்றுதான், மிஞ்சினால் இரண்டு. நுணுக்கமான கோடு சாயத்தில் கசிந்துவிடும். காற்றில் ஆடும், ஆள் விலக்குவார், நடுவே பிளவு வேறு, இத்தனைக்கும் நடுவில் ஒரு குறி தெரிய வேண்டும் என்றால் அது எளிதாக இருந்தே தீர வேண்டும். கணினித் திரையில் எல்லா லோகோவும் அழகாகத்தான் இருக்கும்.

செய்முறை இதுதான். பழைய நாலு முழ வேட்டி ஒன்றை எடுங்கள். சுமார் 35 செமீ அகலத்தில் மூன்று பட்டையாக வெட்டி, மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சேர்த்துத் தைத்து, மூங்கில் குச்சியில் கோத்து வாசலில் தொங்கவிடுங்கள். போஸ்டர் கலரில் குறியை வரையுங்கள். தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள், பிறகு ஃபேனைப் போட்டுவிட்டுப் பாருங்கள். எங்கள் முட்டைச் சுருளில் ஆரம்பத்தில் ஏழு சுற்று இருந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து அது கொசுவத்திச் சுருளாகத் தெரிந்தது. ஐந்தாக்கினேன், அப்போதும் கொசுவத்திதான். மூன்று சுற்றாக்கி, வெளிச்சுற்றை வட்டமாக விடாமல் ஒசாகாச் சட்டி மாதிரி நீளமான செவ்வகத்தில் அடக்கி, மூலைகளை மட்டும் மழுக்கியதும் முட்டை வந்துவிட்டது. அந்தச் செவ்வகத்தின் நீள அகல விகிதத்தையே பிறகு மெனு அட்டைக்கும் விசிட்டிங் கார்டுக்கும் பையில் ஒட்டும் சீட்டுக்கும் எடுத்துக்கொண்டேன், அதனால் லோகோ இல்லாத இடத்தில்கூட கடை தெரிந்தது.

குறியை மூன்று பட்டையில் ஒன்றில் மட்டும் வைத்தோம். உரிமையாளர் வந்து பார்த்தார். "ரெண்டு துணி சும்மா கிடக்குதே சார், ஃபோன் நம்பர் போட்டுடலாமா?" என்றார். இந்தக் கேள்வி எல்லா வேலையிலும் வரும், தயாராக இருங்கள். நான் வாதம் செய்யவில்லை, நம்பர் போட்டு இன்னொரு வேட்டியை வரைந்து பக்கத்தில் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு, "கொரியர் ஆபீஸ் மாதிரி இருக்கு" என்று அவரே எடுத்துவிட்டார்.

குறி வரைய உங்களுக்கு நல்ல பாடசாலை, காமோன் என்ற குடும்ப முத்திரைகள். ஒரே நிறம், பெரும்பாலும் வட்டத்துக்குள் அடக்கம், கவராயமும் நேர்கோடும் இருந்தால் வரைந்துவிடலாம், நகம் அளவிலும் தெரியும் சுவர் அளவிலும் தெரியும். இந்த மரபிலிருந்து வந்த நிறுவனக் குறிகள் உங்கள் கண்ணில் தினமும் படுகின்றன. மிட்சுபிஷியின் மூன்று வைரம், நிறுவனரின் இவசாகி குடும்ப முத்திரையும் அவர் சேவகம் செய்த தோசா பகுதியின் யமவுச்சி குலத்து மூன்று இலை முத்திரையும் சேர்ந்து வந்தது. கிக்கோமன் சோயா சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், அறுகோணத்துக்குள் ஓர் எழுத்து. அறுகோணம் ஆமை ஓடு, 'கிக்கோ'. உள்ளே இருப்பது பத்தாயிரம், 'மன்'. ஆமை பத்தாயிரம் வருடம் வாழும் என்பது அங்கே பழமொழி. பெயர், படம், வாழ்த்து மூன்றும் ஒரே குறியில், இதைவிடச் சிக்கனமாக யாரால் செய்ய முடியும்?

ஆனால் பூ வடிவமாக இருக்கிறதே என்று கண்டதை எடுத்துவிடாதீர்கள். 16 இதழ் சாமந்தி அரச குடும்பத்துடையது, ஜப்பானில் அதை ஒத்த குறியை வணிகக் குறியாகப் பதியவே முடியாது. பவுலோனியா மரத்தின் இலையும் பூவும் சேர்ந்த முத்திரை அரசாங்கத்துடையது. மூன்று இலை சுழலும் வட்டம் ஒருகாலத்தில் நாட்டை ஆண்ட தொகுகவா குலத்துடையது. கோயில் கோபுரத்தை வைத்தால் நம்மூரில் அரசு ஆபீஸ் ஞாபகம் வருமே, அந்த மாதிரி.

சிவப்பு வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்கு வடிவமைப்பாளர் யுசாகு கமெகுரா ஒரு பெரிய சிவப்பு வட்டமும் கீழே பொன் நிற வளையங்களும் வைத்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நீங்கள் வரையும் ஒவ்வொரு சிவப்பு வட்டமும் அதோடு ஒப்பிடப்படும், தோற்றும் போகும். வட்டத்திலிருந்து கதிர்கள் புறப்படுவது போல வரைவது இதைவிட மோசம், அது போர்க்கால ஜப்பானியப் படைகளின் கொடி, கொரியர்களுக்கும் சீனர்களுக்கும் ஆறாத புண். சென்னையில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் விஷயம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலைகளால் ஜப்பானியர் வந்தது போலவே ஹூண்டாயால் கொரியக் குடும்பங்களும் வந்திருக்கின்றன, சுஷி சாப்பிட அவர்களும் வருவார்கள். சுவர் முழுக்கக் கதிர் வரைந்து வைத்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

இனி எழுத்து. பாதிக்கு மேல் தப்பு நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், தூரிகையால் வெட்டி வெட்டி இழுத்த மாதிரி இருக்கும் அந்த 'ஆசிய' ஆங்கில எழுத்துருவைத் தொடாதீர்கள். அது 1883-இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து எழுத்து வார்ப்பகம் ஒன்று செய்த சரக்கின் வம்சம். அதில் ஜப்பானும் இல்லை சீனாவும் இல்லை, பல ஆசியர்களுக்கு அது கேலியாகவே படும்.

ஜப்பானிய மொழியில் மூன்று எழுத்து முறைகள் கலந்து வரும். கான்ஜி (நம்ம கஞ்சி இல்லை) சீனாவிலிருந்து போன எழுத்து, கனமும் மரியாதையும் உள்ளது. ஹிரகானா வளைந்த ஓசை எழுத்து, வீட்டுச் சாயல். கத்தகானா நேர்க்கோட்டு ஓசை எழுத்து, வெளியிலிருந்து வந்த சொற்களுக்கும் கொஞ்சம் துடிப்பான தொனிக்கும். ராமென் என்பதைக் கத்தகானாவில்தான் அதிகம் பார்ப்பீர்கள். 2006-இல் யூனிக்லோ என்ற ஜப்பானிய ஆடை நிறுவனத்துக்கு வடிவமைப்பாளர் கஷிவா சாதோ செய்த சிவப்புச் சதுர அடையாளத்தில் கத்தகானாவை ஆங்கிலத்துக்கு இணையாக நிறுத்தினார், செர்ரிப் பூ ஒன்றுகூட இல்லாமல் ஜப்பான் தெரிந்தது. 'தற்கால' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது.

அடுத்த பள்ளம்: ஒரே கான்ஜியைச் சீனர் ஒரு மாதிரியும் ஜப்பானியர் ஒரு மாதிரியும் எழுதுவார்கள், ஆனால் கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் இப்படிப் பல எழுத்துகளுக்கு எண் ஒன்றுதான். எழுத்துரு சீனத்துடையதாக இருந்தால் வடிவமும் சீனமாகிவிடும். தொன்கொத்சு ராமெனை எடுத்துக்கொள்ளுங்கள், பன்றி எலும்புச் சாறு. அதில் 'எலும்பு' என்ற எழுத்தின் தலைக்குள் ஒரு சின்ன மடிப்பு இருக்கும், சீன எழுத்துருவில் அது ஒரு பக்கம் பார்க்கும், ஜப்பானிய எழுத்துருவில் எதிர்ப்பக்கம். நமக்குத் தெரியாது, அவர்களுக்குப் பளிச்சென்று தெரியும். வெளிநாட்டு விமான நிலையத்தில் 'நல்வரவு' என்று தமிழில் எழுதி, ல்-லின் புள்ளி கழன்று பக்கத்து எழுத்துமேல் உட்கார்ந்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? நோட்டோ சான்ஸ், ஷிப்போரி மின்ச்சோ என்ற எழுத்துருக்கள் இரண்டும் இலவசம், நோட்டோவில் ஜப்பானியப் பதிப்பைக் கவனமாகப் பார்த்து எடுங்கள். இணையதளத்தில் மொழி ஜப்பானியம் என்று குறிக்கவும் மறக்காதீர்கள். மின்ச்சோ என்பது முனைகளில் சிறு மேடுள்ள எழுத்து, சாந்தமான கடைக்கு. கோதிக் என்பது ஒரே தடிமன், சத்தமான கடைக்கு.

அப்புறம் நெடுக்காக எழுதுவது. மேலிருந்து கீழே, வலமிருந்து இடம். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் போதும் என்று நினைப்போம். போதாது. ராமெனில் 'ரா'வுக்குப் பின்னால் நெடில் குறியாக ஒரு கிடைக்கோடு வரும், நெடுக்காக எழுதும்போது அந்தக் கோடும் எழுந்து நிற்க வேண்டும். படுத்தே கிடந்தால் தப்பு. சிறிய ஓசை எழுத்துகள் கட்டத்தின் வலது மேல் மூலைக்கு நகர வேண்டும். மென்பொருளில் நெடுக்கு எழுத்துக்கான கருவியையே பயன்படுத்துங்கள், எண்டர் தட்டித் தட்டி அடுக்காதீர்கள். எங்கள் கடையிலேயே கண்ணாடியில் ஒட்டிய வினைலில் கோடு படுத்துக்கொண்டுதான் வந்தது. நான் சரியாக அனுப்பினேன், ஸ்டிக்கர் கடைப் பையன் இடம் பத்தவில்லை என்று தானே அடுக்கியிருக்கிறான். ஷெஃப் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

எனவே அச்சுக்குப் போகும் எந்தக் கோப்பிலும் எழுத்தை உருவமாக்கி, அவுட்லைன் செய்து, அனுப்புங்கள். இல்லையென்றால் அங்கே எழுத்துரு இல்லாமல் வெறும் கட்டங்களாக வரும். அந்தக் கட்டங்களுக்குத் தொழில்நுட்ப வட்டாரத்தில் டோஃபு (சோயாப் பாலில் செய்யும் வெள்ளைக் கட்டி) என்று பெயர், 'டோஃபு இல்லை' என்பதைச் சுருக்கித்தான் கூகுள் நோட்டோ என்று பெயர் வைத்தது. ஜப்பானிய உணவகப் போர்டில் டோஃபு தெரிவது நகைச்சுவைதான், செலவு நம்முடையது என்பதால் சிரிப்பு வராது.

பெயரைத் தேர்வது நம் வேலை இல்லை என்று ஒதுங்க வேண்டாம், உரக்கச் சொல்லிப் பார்ப்பது நம் வேலைதான். 'மொரி' என்றால் ஜப்பானியத்தில் காடு, அழகான சொல், கடைகளுக்கு ஏற்றது. ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் சென்னைக்காரர் அதை மோரி என்று படிப்பார், மோரி என்றால் இங்கே சாக்கடை. 'நாய்' என்று நம் காதில் விழும் சொல்லுக்கு அங்கே 'இல்லை' என்று பொருள். உங்கள் பகுதி ஆட்டோக்காரர், பக்கத்துக் கடைக்காரர், பாட்டி என்று நாலு பேரைப் படிக்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

இதில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானியத்தில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும், ஒபசன் அத்தை, ஒபாசன் பாட்டி. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும், தமிழில் அப்படியே பிரித்து எழுதலாம். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும் என்பது விதி, தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். நிறைய டிசைனர்கள் லோகோவை முடித்துவிட்டுக் கடைசி நாளில் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில் பெயரைத் தட்டி மேலே ஒட்டுகிறார்கள். பலகையில் பாதி இடம் தமிழுக்கு என்று தெரிந்த பிறகும் அதை ஏன் கடைசியில் செய்ய வேண்டும்? நான் தமிழை முதலில் வரைந்தேன், கோட்டுத் தடிமனை முட்டைச் சுருளின் தடிமனுக்குச் சமமாக வைத்து, மூலைகளை அதே அளவு மழுக்கி. ஜப்பானிய எழுத்தைப் பார்த்துத் தமிழை முறுக்காதீர்கள், 'க'வுக்குத் தூரிகை வால் முளைத்தால் இரண்டு மொழிக்கும் அவமானம். தடிமனும் வெளியும் ஒத்துப்போனால் போதும், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும்.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். வெளுக்காத பருத்தியின் நிறம், மை கறுப்பு, கூட ஒன்று. அந்த ஒன்றுக்கு நான் நீலத்தை எடுத்தேன். ஜப்பானியர் அவுரிச் சாய நீலத்தின் ஒவ்வொரு முக்குக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், மிக வெளிறிய ஒரு நீலத்துக்குப் பெயர் 'கமெனொசொகி', சாயப் பானைக்குள் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்தது என்று பொருள். அங்கே சாயம் எடுக்கும் செடி வேறு இனம், நம்மூர் அவுரி வேறு, ஆனால் இரண்டிலும் நீலம் தரும் பொருள் ஒன்றுதான். திண்டிவனம் பக்கம் அவுரி இன்னும் பயிராகிறது. நோரென் துணியை இங்கேயே அவுரியில் முக்கி எடுத்தோம், ஃப்ளெக்ஸில் அச்சடித்ததைவிடச் செலவு அதிகம்தான். துவைக்கத் துவைக்க வெளுக்கும் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சாயம் போகிறது என்று நடுராத்திரியில் ஃபோன் வரும்.

பிறகு, திருப்பிப் போட்டுவிடும் தவறுகள். படத்தை இடவலமாகத் திருப்புவது நமக்குக் கைப்பழக்கம், இந்த வேலையில் அது வெடி. கிமோனோவில் அணிபவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. தட்டில் சோறு இடப்பக்கம், சூப் வலப்பக்கம், குச்சி முன்னால் கிடையாக, நுனி இடப்பக்கம் பார்த்து. வாழை இலை நுனி எந்தப் பக்கம் என்று நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா, அவர்களுக்கும் அப்படித்தான். கறுப்பு வெள்ளைப் பட்டை நவீனமாக இருக்கிறதே என்று திரையில் இழுத்துவிடாதீர்கள், அகலமான கறுப்பு வெள்ளைப் பட்டைத் திரை சாவு வீட்டில் கட்டுவது. நாலு என்ற எண்ணின் ஓசை சாவையும் குறிக்கும் என்பதால் பரிசுப் பெட்டி செய்தால் ஐந்தாகப் போடுங்கள்.

மெனுவில் ஒன்றே ஒன்று. மிசோ சூப்பைப் பார்த்தால் சைவம் மாதிரியே இருக்கும், ஆனால் தாஷி பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனிலிருந்து வருகிறது. சென்னையில் பச்சைப் புள்ளி வைப்பதற்கு முன் ஷெஃப்பிடம் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். எங்கள் கடையில் கொம்பு கடற்பாசியும் காளானும் போட்டு ஒரு சைவத் தாஷி தனியாக வைத்தார்கள், அதற்கு மெனுவில் பச்சைப் புள்ளியோடு ஒரு வரி விளக்கமும் கொடுத்தோம். லோகோவைப் பற்றி யாரும் பேசவில்லை, அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசினார்கள்.

வணிகக் குறிப் பதிவு: உணவகச் சேவைக்கு வகுப்பு 43. இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபர், சிறு நிறுவனம் என்றால் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சுஷி, ராமென் போன்ற பொதுச் சொல்லை மட்டும் வைத்துப் பதிவு கேட்டால் கிடைக்காது, குறியும் தனிப்பெயரும் வேண்டும். வக்கீலிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒப்படைப்பு. எல்லோரும் நாற்பது பக்கக் கையேடு கொடுப்பார்கள், கடையில் யாரும் திறக்க மாட்டார்கள். நான் ஒரே ஒரு ஏ3 தாள் கொடுத்தேன், லேமினேட் செய்து, சரக்கு அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டும்படி. அதில் நீலத்தின் அச்சு அளவுகள், குறியின் சுற்றிலும் விட வேண்டிய இடம், ராமென் நெடுக்கில் எப்படி நிற்கும் என்ற படம், தட்டு வைக்கும் படம். கூடவே மூன்று நோரென். ஒன்று தொங்க, ஒன்று துவைக்க, ஒன்று ஐப்பசி மழைக்கு. வாசலில் ஏசிக்காகக் கண்ணாடிக் கதவு இருந்ததால் நோரெனை அதற்கு உள்பக்கம்தான் மாட்ட முடிந்தது, கதவைத் திறந்ததும் முகத்தில் இடிக்கிறதே என்று உரிமையாளர் கவலைப்பட்டார். இடிக்கத்தான் வேண்டும் என்று ஷெஃப் சொன்னார், இந்தத் தடவை வாக்கியத்தை முழுசாக முடித்தார்.